மெஷினை வாடகைக்கு எடுக்க முன்: மரத்தரை பற்றிக் கேட்டவையும் என் பதில்களும்

ரொறன்ரோப் பக்கம் மரத்தரை உரசிப் பொலிஷ் போடுகிறதுதான் என் தொழில். குளிர்காலம் முடிந்தால் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தரையில் கண் போகும். வந்த கேள்விகளில் சில கீழே.

அண்ணை, 1950களில் கட்டின வீடு. கார்ப்பெட்டைக் கழற்றினால் கீழே ஓக் பலகை! நானே உரசலாமோ? (ஸ்காபுறோ)

உரசலாம் தம்பி. ஆனால் மெஷின் கடைசி வேலை. முதலில் ஹீற்றர் காற்று வரும் துவாரத்து மூடியைக் கழற்றிப் பாருங்கோ, பலகையின் விளிம்பு தெரியும். முழு மரப்பலகை வழக்கமாக முக்கால் அங்குலத் தடிப்பு. அதிலும் உரசக் கூடியது பலகையைக் கோர்க்கிற நாக்குக்கு மேலே உள்ள ஏறத்தாழ 6 மி.மீ. மட்டும்தான். ஒருதரம் அடியோடு உரசினால் அதில் முக்கால் மி.மீ. அளவு தூளாய்ப் போகும். முந்தி இரண்டு மூன்று தரம் உரசின வீடென்றால் கணக்கு இறுக்கம்தான்.

பிறகு ஸ்டேப்பிள். கார்ப்பெட்டுக்குக் கீழே நூற்றுக்கணக்கில் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. நான் பழைய நைலோன் காலுறை ஒன்றைக் கையில் மாட்டி, முழங்காலில் தவழ்ந்து தரையைத் தடவுவேன். எங்கே நூல் இழுபடுதோ அங்கே ஒன்று நிற்கும். அதைக் குறட்டால் பிடுங்குங்கோ. ஆணித்தலையைப் பலகைக்குள் 3 மி.மீ. இறங்க அடியுங்கோ. தப்பி நிற்கிற ஒரு ஆணி சாண்ட்பேப்பரைக் கிழிக்கும், பொறி பறந்தால் தூள் பையிலும் தீ பிடிக்கலாம்.

இன்னொன்று: உங்கள் வீட்டுக் காலத்துத் தரையில் பெயின்ற் பூசியிருந்தால் ஈயம் இருக்கிறதா என்று சோதிக்காமல் தொடவே வேண்டாம். அந்தத் தூள் பிள்ளைகளுக்கு நஞ்சு.

60ஆம் இலக்க சாண்ட்பேப்பரில் (இலக்கம் கூடக் கூட மென்மை) தொடங்கி நேரே 120க்குப் போனால் வேலை சுருக்காய் முடியாதோ? (மார்க்கம்)

முடியாது. 60 விட்ட கீறலை 120 அழிக்காது, மினுக்கத்தான் செய்யும். கலர் பூசினவுடன் அவ்வளவும் வரிவரியாய் எழும்பி நிற்கும். 36, 60, 100 என்று படிப்படியாய் மென்மையான பேப்பருக்குப் போங்கோ. தரையில் பென்சிலால் லேசாய்க் கிறுக்கிவிட்டு உரசினால், கோடு அழியாத இடம் மெஷின் படாத இடம்.

டிரம் சாண்டரை (உருளையில் சாண்ட்பேப்பர் சுற்றின உரசுகிற மெஷின்) ஓடவிட்டு ஒரு செக்கன் நின்றால் போதும், தரையில் பள்ளம் விழும். நகரத் தொடங்கின பிறகு டிரம்மை இறக்கவேணும், நிற்க முன் தூக்கவேணும். எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. முதல்தரம் உரசினது என் சொந்த வீட்டு ஹோலை. அந்தப் பள்ளம் இன்றைக்கும் சோபாவுக்குக் கீழே இருக்கு. சோபாவை நகர்த்த மனுசி விடமாட்டா.

பலகைகளுக்கிடையில் இடைவெளி. மக்கு (மரப் புட்டி) வைத்து அடைக்கவோ? (பிறம்ரன்)

எப்போது பார்த்தனீங்கள்? ஜனவரி என்றால் விடுங்கோ. ஹீற்றர் ஓட வீடு காய்ந்து மரம் சுருங்கும், யூலையில் ஈரப்பதன் ஏற அதுவே விரிந்து மூடும். மாரியில் அடைத்த மக்கைக் கோடையில் பலகை நசுக்கி வெளியே தள்ளும். கோடையிலும் மூடாத இடைவெளி இருந்தால் பிறகு யோசிக்கலாம்.

நாய் சிறுநீர் கழித்த இடம் கறுத்துப்போச்சு. உரசினால் போகுமோ?

பெரும்பாலும் போகாது. ஓக்கில் உள்ள டானின் சத்தோடு சேர்ந்து கறுப்பு ஆழத்துக்கு இறங்கிவிடும். ஒக்சாலிக் அமிலம் தண்ணீர்க் கறைக்கும் இரும்புக் கறைக்கும் நல்லது, இதற்கு அரைகுறைதான். சுவர் அலுமாரிக்குள்ளே தரையில், ஒருவரும் பார்க்காத மூலையில் நாலு பலகையைக் கழற்றி இங்கே மாற்றுங்கோ. ஒரே வயது மரம், நிறம் ஒத்துப்போகும்.

கொண்டோவில் (அடுக்குமாடி வீடு) இஞ்சினியர்ட் பலகை (ஒட்டுப்பலகைக்கு மேல் மெல்லிய மரம் ஒட்டினது). மேலே கீறல் மட்டும்.

மேலே ஒட்டின மரம் 2 மி.மீ. என்றால் டிரம் சாண்டரை வாசலுக்குள்ளேயே எடுக்கவேண்டாம். பூச்சை மட்டும் பஃபரால் (வட்டத் தட்டுச் சுழன்று தேய்க்கிற மெஷின்) லேசாய்த் தேய்த்துப் புதிதாய் ஒரு பூச்சுப் பூசினால் போதும். முந்தி மெழுகு போட்டிருந்தால் மட்டும் புதுப் பூச்சு ஒட்டாது.

எண்ணெய் துடைத்த சீலையைக் கராஜுக்குள் சுருட்டிப் போட்டிருக்கிறேன். கழுவிப் பாவிக்கலாமோ?

அக்கா, ஆளிவிதை எண்ணெய் பட்ட சீலை சுருண்டு கிடந்தால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். உடனே எடுத்துத் தண்ணீர் நிறைந்த தகர டின்னுக்குள் அமுக்கி, மூடி, வெளியில் வையுங்கோ. தூள் பையையும் அப்படியே வெளியில். கழுவுகிற கதையைப் பிறகு கதைப்பம்.