ரிவரில் போட்ட அந்த 200 சிப்ஸ்

அன்புள்ள ஐயா,

சில மாதங்களாக நண்பர்களோடு டெக்சாஸ் ஹோல்டெம் போக்கர் ஆடி வருகிறேன். விதிகள் அத்துப்படி. எந்தக் கை (சீட்டுச் சேர்க்கை) எதை ஜெயிக்கும் என்பதிலும் குழப்பம் இல்லை. ஆனாலும் ஆட்டம் முடியும்போது என் சிப்ஸ் (பந்தய வில்லைகள்) எல்லாம் எதிர்ப்பக்கம் போய்விடுகிறது.

போன வாரம் எனக்கு ஏஸ்-ராஜா வந்தது. ரெய்ஸ் செய்தேன் (பந்தயத்தை உயர்த்தினேன்), ஒருவர் மட்டும் கூட வந்தார். ஃப்ளாப்பில் (மேசையில் எல்லோருக்கும் பொதுவாக விரிக்கும் முதல் மூன்று சீட்டு) ராணி, எட்டு, மூன்று. பாட்டில், அதாவது நடுவில் சேர்ந்த பந்தயத் தொகையில், 100 சிப்ஸ். அவர் 50 கட்டினார், கால் செய்தேன், அதாவது நானும் அதே 50 போட்டேன். டர்னில் (நான்காவது பொதுச் சீட்டு) ஏழு. அவர் 100 கட்டினார், நானும் 100 போட்டேன். ரிவரில் (ஐந்தாவது, கடைசிப் பொதுச் சீட்டு) நான்கு. அவர் 200 கட்டினார். இவ்வளவு போட்டாகிவிட்டதே என்று அதையும் கால் செய்தேன். அவர் காட்டியது ராணி-ஜாக்கி, ராணி ஜோடியில் ஜெயித்துவிட்டார்.

எதிராளியின் முகத்தைப் படிப்பது, பிளஃப் செய்வது (நல்ல கை இருப்பதுபோல் பொய்யாகக் கட்டுவது), இரண்டில் எதை முதலில் கற்றுக்கொள்ள வேண்டும்? ஒரு நண்பர் ஜிடிஓவை (எதிராளி தவறே செய்யாவிட்டாலும் நஷ்டப்படாத ஆட்டமுறை) படிக்கச் சொல்கிறார். அது எனக்கு எட்டுமா?

ஒரு வாசகர் (பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள நண்பருக்கு,

முகம், பிளஃப் இரண்டையும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். புதிதாக ஆடுபவரின் சிப்ஸ் கரைவது பெரும்பாலும் ‘கால்’ என்ற ஒரே சொல்லில்தான். நீங்கள் எழுதிய அந்தக் கையிலேயே அது தெரிகிறது. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஃப்ளாப்பில் பாட்டில் 100, அவர் கட்டியது 50. நீங்கள் 50 போட்டு 150-ஐ ஜெயிக்கப் பார்க்கிறீர்கள். எல்லாம் சேர்ந்தால் 200, அதில் உங்கள் பங்கு கால்வாசி. அதாவது நான்கில் ஒரு முறையாவது ஜெயித்தால்தான் அந்தக் காலுக்கு அசல் தேறும். உங்களுக்கு ஜோடி சேர்க்கும் சீட்டுகள் மூன்று ஏஸ், மூன்று ராஜா, ஆக ஆறு. ஒரு சீட்டு மட்டும் வர வேண்டியிருந்தால் அந்த எண்ணிக்கையை இரண்டால் பெருக்குங்கள், இரண்டு சீட்டு வர வேண்டியிருந்தால் நான்கால் பெருக்குங்கள். ஏறத்தாழ உங்கள் வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று கிடைத்துவிடும். எல்லா மேசைகளிலும் புழங்கும் மனக்கணக்கு இது. ஒரு சீட்டுக்கு 12 (துல்லியமாகப் பார்த்தால் 13-ஐ ஒட்டி), இரண்டு சீட்டுக்கு 24.

ஃப்ளாப்பில் நீங்கள் கால் செய்ததைக் குறை சொல்லமாட்டேன். அவர் சும்மா கட்டியிருக்கலாம், ஒன்பது-பத்து வைத்துக்கொண்டு ஸ்ட்ரெய்ட்டுக்கு (வரிசையாக ஐந்து சீட்டு) காத்திருக்கலாம். அப்படியென்றால் ஜோடி சேராமலேயே உங்கள் கைதான் மேலே இருக்கிறது.

டர்ன் வேறு கதை. பாட்டில் 200, அவர் 100 கட்டுகிறார். திரும்பவும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு வேண்டும். வரவேண்டியதோ ஒரே சீட்டு. கையில் இருப்பது 13 சதவீதம். இந்தப் பள்ளத்தை நிரப்ப, ரிவரில் ஏஸோ ராஜாவோ விழுந்தபின் அவரிடமிருந்து இன்னும் ஏறக்குறைய 370 சிப்ஸ் கறக்க வேண்டும். ராணி ஜோடியோடு உட்கார்ந்திருப்பவர் மேசையில் ஏஸைப் பார்த்த பிறகு அவ்வளவு தருவாரா? மாட்டார். அவர் பிளஃப் செய்கிறார் என்று நம்பக் காரணம் எதுவும் இல்லாவிட்டால் டர்னிலேயே சீட்டை மடித்து விலகியிருக்க வேண்டும்.

அப்புறம் அந்த 200. இனி வர சீட்டே இல்லை. ஜோடிகூட இல்லாத உங்கள் கை ஜெயிக்க ஒரே வழி, அவர் பொய்யாகக் கட்டியிருப்பது. நான்கில் ஒரு தடவைக்கு மேல் அப்படிச் செய்கிற ஆள் என்றால் கால் சரிதான், நானே போடுவேன். ஆனால் நீங்கள் அவரைப் பற்றி யோசிக்கவே இல்லை, ஏற்கெனவே போட்டதைப் பற்றித்தான் யோசித்தீர்கள். போட்ட சிப்ஸ் பாட்டுக்குச் சொந்தமாகி ரொம்ப நேரமாகிவிட்டது. ரம்மியில் முதல் டிராப்புக்குப் புள்ளி குறைவு, நடுவில் டிராப் செய்தால் அதிகம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். போக்கரிலும் அப்படித்தான், ஒவ்வொரு கட்டம் தள்ளிப்போக விலகுவதற்கான விலை ஏறுகிறது.

அதனால் விலகுவதை ஃப்ளாப்புக்கு முன்பே பழகுங்கள். ஜோடியில்லாத எந்த இரண்டு சீட்டை வைத்திருந்தாலும், மூன்றில் இரண்டு தடவை ஃப்ளாப் உங்களுக்கு ஒரு ஜோடிகூடத் தராது. ‘ரெண்டும் ஸ்பேடு, பார்த்துவிடலாம்’ என்று உள்ளே வருகிறவர்கள் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரே சின்னத்தில் இரண்டு சீட்டு கையில் இருந்து, ஃப்ளாப்பிலேயே ஃப்ளஷ் (ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டு) அமைவது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. ஒன்பது பேர் மேசையில் முதலில் பேச (கட்டுவதா மடிப்பதா என்று சொல்ல) வேண்டிய இடத்தில் இருந்தால், எட்டுக் கைக்கு ஒன்று ஆடினாலே போதும். பெரிய ஜோடிகள், ஏஸ்-ராஜா, ஏஸ்-ராணி, இந்த வகையறாதான். சலிப்பாக இருக்கும், வேறு வழியில்லை.

பட்டனில் (டீலரின் இடம்) உட்காரும்போது மட்டும் கையைத் தாராளமாக விடலாம். ஃப்ளாப்புக்குப் பிறகு ஒவ்வொரு சுற்றிலும் கடைசியாகப் பேசுகிறவர் நீங்கள். மற்றவர்கள் கட்டினார்களா, தயங்கினார்களா என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். ராஜா-ஒன்பது முதல் இடத்தில் குப்பை. எல்லோரும் மடித்த பிறகு பட்டனில் அதே சீட்டு ரெய்ஸ் செய்யத் தகுந்த கை. எந்தச் சீட்டு நல்லது என்று கேட்பவர்கள், எந்த இடத்தில் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

முகத்தை விட்டுவிடுங்கள் என்றேன், ஆளை விடச் சொல்லவில்லை. நீங்கள் மடித்துவிட்ட கைகளில்தான் கவனிக்க நேரம் கிடைக்கும். கடைசியில் சீட்டைக் காட்டும்போது, அவர் டர்னில் என்ன செய்தார், ஃப்ளாப்பில் எவ்வளவு கட்டினார் என்று பின்னோக்கி ஓட்டிப் பாருங்கள். மணிக்கணக்கில் வெறும் கால் மட்டுமே போட்டுக்கொண்டிருந்த ஒருவர் திடீரென்று ரிவரில் ரெய்ஸ் செய்தால் நம்பிவிடுங்கள். இதற்கு மூக்கு நுனி துடிப்பதைப் பார்க்கத் தேவையில்லை.

பிளஃப் என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது 2003 உலகப் போக்கர் தொடர். கணக்காளராக வேலை பார்த்த கிரிஸ் மணிமேக்கர், கடைசி இருவரில் ஒருவராகச் சாமி ஃபார்ஹாவுக்கு எதிரே வெறும் ராஜா-ஏழோடு எல்லாச் சிப்ஸையும் தள்ளினார். ஒன்பது ஜோடி வைத்திருந்த ஃபார்ஹா மடித்துவிட்டார். அந்தக் கையில் பலர் கவனிக்காத இடம் டர்ன். மணிமேக்கர் அங்கே ரெய்ஸ் செய்தபோது அவரிடம் ஃப்ளஷுக்கும் வழி இருந்தது, ஸ்ட்ரெய்ட்டுக்கும் வழி இருந்தது. ரிவர் இரண்டையும் தரவில்லை, அதன்பிறகுதான் அது சுத்தமான பிளஃப் ஆனது. எதிரே ஒரே ஆள், அவரும் மடிக்கத் தெரிந்த ஆள். பாட்டில் பாதியைக் கட்டிப் பிளஃப் செய்தால் மூன்றில் ஒரு முறையாவது எதிராளி மடிக்க வேண்டும், பாட் அளவு கட்டினால் பாதி முறை. எதற்கும் மடிக்காதவர்கள் நிறைந்த மேசையில் இந்தக் கணக்கு தேறாது. அங்கே நல்ல கை வரும்போது தாராளமாகக் கட்டுங்கள், அவர்களே கால் செய்து கொடுத்துவிடுவார்கள்.

ஜிடிஓவைப் பிறகு பார்க்கலாம். தவறே செய்யாத எதிராளியிடமும் நஷ்டப்படாமல் ஆடுவது எப்படி என்று அது சொல்கிறது. உங்கள் எதிராளிகள் தவறு செய்கிறவர்கள், அதைப் பயன்படுத்திக்கொள்வதே இப்போது லாபம். ஆனால் அந்த உலகத்திலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 2017-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிபராட்டஸ் என்ற போக்கர் ஆடும் கணினி நிரல் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களை வென்றது. அதற்காக ஆடிய கைகள் 1,20,000. யார் மேல் என்று அதிர்ஷ்டத்தைக் கழித்துவிட்டுச் சொல்ல அத்தனை கைகள் ஆட வேண்டியிருந்தது. நாமோ ஒரு மாலை ஆட்டத்தை வைத்து ‘எனக்கு நேரம் சரியில்லை’ என்று தீர்மானிக்கிறோம். இரண்டு ஏஸ் வைத்திருப்பவரும் இரண்டு ராஜாவிடம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு தடவை தோற்பார். தோற்ற கையை எழுதி வைக்கும்போது, முடிவெடுத்த நேரத்தில் உங்களுக்குத் தெரிந்திருந்ததை மட்டும் எழுதுங்கள். அவர் என்ன காட்டினார் என்பதை அடுத்த பக்கத்தில் எழுதலாம்.

காசு வைத்து ஆடுவதானால், போனாலும் வீட்டில் யாருக்கும் தெரியாத அளவுக்குச் சின்னதாக வையுங்கள். பயத்தோடு ஆடுகிறவருக்கு மேலே சொன்ன எந்தக் கணக்கும் ஞாபகம் வராது.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். அந்த ஏஸ்-ராஜா கையில் நீங்கள் எந்த இடத்தில் உட்கார்ந்திருந்தீர்கள், ஆளுக்கு எவ்வளவு சிப்ஸ் மீதி இருந்தது? அடுத்த கடிதத்தில் அதையும் எழுதுங்கள்.

அன்புடன்.