பேரிங் வளையத்தைச் சிவக்கக் காய்ச்சி வெட்டலாமா?

கேள்வி: வீட்டுப் பட்டறையில் 50 சிசி டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் செய்துவருகிறேன். கிராங்க் பின்மேல் (கனெக்டிங் ராடு மாட்டும் சிறு தண்டு) ஏற்ற, மெல்லிய உருளைகள் கொண்ட ஒரு நீடில் பேரிங்கின் உள்வளையத்தை எடுத்துவைத்திருக்கிறேன். நீளம் 20 மி.மீ.; எனக்கு வேண்டியது 16. அரம் வழுக்குகிறது, லேத்தில் ஹைஸ்பீடு ஸ்டீல் டூலின் முனை மழுங்கிவிட்டது. கேஸ் சுடரில் சிவக்கக் காய்ச்சி வெட்டிவிட்டு, மறுபடி கடினமாக்க எண்ணெயில் தோய்க்கலாமா?

பதில்: வேண்டாம். அரம் வழுக்குகிறது என்றால் வளையம் நல்ல நிலையில் இருக்கிறது என்று பொருள். பேரிங் எஃகின் கடினம் ராக்வெல் சி அளவில் 60ஐ ஒட்டியது. உங்கள் டூலே 63, 65தான். அந்தச் சிறு வித்தியாசத்தில் வெட்டு விழாது. காய்ச்சினாலோ மேற்பரப்பில் செதில் கட்டும், கார்பன் எரியும், வட்டம் கோணும். உருளைகள் ஓடும் அந்த மைக்ரான் கணக்கு வட்டத்தைத் தோய்த்து மீட்க முடியாது. மறுபடி கிரைண்டிங்தான் செய்ய வேண்டும்.

உருளை ஓடும் பரப்பின்மேல் இரண்டு சுற்று டேப் ஒட்டுங்கள். வளையத்தை ஓர் அலுமினியத் தண்டில் இறுக்கமாகச் செருகி, 1 மி.மீ. கட்டிங் வீலால், தண்டைச் சுழற்றிச் சுழற்றிச் சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக அறுங்கள். 16.5 மி.மீ. மிஞ்சட்டும். விரலால் தொட முடியாத சூடு வந்தால் நிறுத்துங்கள். விளிம்பு வைக்கோல் நிறமானால் 200 டிகிரியைத் தாண்டிவிட்டது. நீலமானால் ஏறத்தாழ 300, அந்த இடம் மென்மையாகிவிட்டது. கொதிக்கும் வளையத்தைத் தண்ணீரில் போடவும் கூடாது, மயிரிழை விரிசல் விழும். சூடேறாமல் அறுப்பதுதான் வழி.

மீதி அரை மில்லிமீட்டரைச் சர்ஃபேஸ் கிரைண்டர் உள்ள பட்டறையில் கொடுத்துவிடுங்கள். காந்தச் சக்கில் வைத்து, இரு முகங்களும் இணையாக வருமாறு சீவித் தருவார்கள். வேலை முடிந்ததும் வளையத்தில் ஏறிய காந்தத்தன்மையை நீக்கித் தரச் சொல்ல மறக்காதீர்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள், பிறகு இன்ஜினில் உதிரும் இரும்புத் துகளெல்லாம் அங்கேயே போய் ஒட்டிக்கொள்ளும்.

லேத்திலேயே முடிக்க வேண்டுமென்றால் சி.பி.என். (கியூபிக் போரான் நைட்ரைடு என்ற மிகக் கடினமான பொருள்) டிப் வாங்குங்கள்: நிமிடத்துக்கு 100 மீட்டருக்கு மேல் வேகம், ஒரு வெட்டுக்கு 0.1 மி.மீ. ஆழம், கூலன்ட் வேண்டாம். ஆட்டம் உள்ள பழைய லேத்தில் அந்த விலையுயர்ந்த முனை பொடிந்துவிடும். மூன்று தாடைச் சக்கில் நேரடியாக இறுக்கினால் மெல்லிய வளையம் முக்கோணமாக நெளியும். பிளந்த அலுமினியப் புஷ் ஒன்றை இடையில் வைத்துப் பிடியுங்கள்.

விளிம்பை எண்ணெய்க் கல்லால் லேசாக மழுக்கி, மண்ணெண்ணெயில் பிரஷ்ஷால் இரண்டு முறை கழுவுங்கள். டூ-ஸ்ட்ரோக்கில் பிக் எண்டுக்கு (கனெக்டிங் ராடு கிராங்க் பின்னில் மாட்டும் முனை) கிடைப்பது பெட்ரோலோடு வரும் எண்ணெய்ப் பனி மட்டுமே. ஒட்டியிருக்கும் கிரைண்டிங் பொடியைக் கழுவிக்கொண்டுபோக அது போதாது.