போக்கிமான் டெக்: வலிமையான கார்டுகள் இருந்தும் தோற்பது ஏன்?

கேள்வி: போக்கிமான் கார்டு விளையாட்டைப் புதிதாகக் கற்று வருகிறேன். என்னிடம் இருப்பவற்றில் சிறந்தவை என்று தோன்றியவற்றைத் திரட்டி, 60 கார்டுகள் கொண்ட டெக் (ஆட்டத்துக்கான கார்டுக் கட்டு) ஒன்றை அமைத்திருக்கிறேன். அதில் 34 போக்கிமான்கள்; பெரும்பாலும் ஒவ்வொன்றிலும் ஒரு கார்டுதான். நெருப்பு, நீர், புல், மின்னல் ஆகிய நான்கு வகை எனர்ஜியும் (போக்கிமான் தாக்குவதற்காக அதனுடன் இணைக்கும் கார்டுகள்) வகைக்கு ஐந்தாக 20 உள்ளன. எஞ்சிய ஆறும் ட்ரெய்னர் எனப்படும் உதவிக் கார்டுகள். சாரிசார்ட் இரண்டு வைத்திருக்கிறேன், அது பரிணமிப்பதற்குத் தொடக்கமான சார்மாண்டர் ஒன்றுதான். சாரிசார்ட் களத்துக்கு வருவதற்குள் ஆட்டம் முடிந்துவிடுகிறது. எதை மாற்ற வேண்டும்?

பதில்: உங்கள் கார்டுகளில் குறை இல்லை, அவை உரிய நேரத்தில் கைக்கு வருவதற்கான வழியைத்தான் டெக்கில் நீங்கள் வைக்கவில்லை. 60 கார்டுகளில் ஒன்றே ஒன்றாக இருக்கும் சார்மாண்டர், தொடக்கத்தில் எடுக்கும் 7 கார்டுகளுக்குள் வருவதற்கான வாய்ப்பு சுமார் 12 சதவீதம்தான். அது, எதிராளியின் போக்கிமானை வீழ்த்தும்போது பரிசாக எடுப்பதற்காகத் தொடக்கத்தில் ஒதுக்கப்படும் 6 கார்டுகளுக்குள் போய் மாட்டிக்கொள்வதற்கான வாய்ப்பும் 10 சதவீதம் உண்டு. அப்படி மாட்டிக்கொண்டால், பரிசாக அதை எடுக்கும் வரை உங்கள் இரண்டு சாரிசார்ட்களும் கையில் வெறுமனே இருக்கும். அடிப்படை எனர்ஜியைத் தவிர, ஒரே பெயரில் நான்கு கார்டுகள் வரை வைக்க விதி இடம் தருகிறது. நான்கு சார்மாண்டர் வைத்தால், முதல் கையிலேயே ஒன்றாவது வருவதற்கான வாய்ப்பு 40 சதவீதமாக உயர்கிறது.

இதில் நேரமும் முக்கியம். களத்தில் இறக்கிய அதே சுற்றில் ஒரு போக்கிமானைப் பரிணமிக்கச் செய்ய முடியாது என்பதால், சார்மாண்டர், சார்மேலியன், சாரிசார்ட் என்று படிப்படியாக ஏறினால் மூன்றாவது சுற்றுக்கு முன் சாரிசார்ட் வராது. இடைப்படியைத் தாண்டச் செய்யும் ட்ரெய்னர் கார்டான ரேர் கேண்டி இருந்தால் இரண்டாவது சுற்றிலேயே வரலாம், ஆனால் அதற்கும் சார்மாண்டர் முதல் சுற்றிலேயே களத்தில் இறங்கியிருக்க வேண்டும். ஆகவே சார்மாண்டர் நான்கு, சார்மேலியன் இரண்டு, சாரிசார்ட் மூன்று, ரேர் கேண்டி நான்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். இவற்றுக்குத் துணையாக ஆறு பேசிக் போக்கிமான்கள் (சார்மாண்டரைப் போல, பரிணாமம் இல்லாமல் நேரே களத்தில் இறக்கக்கூடியவை) போதும். கார்டு எடுத்துத் தரும் திறன் உள்ளவையும், பின்வாங்குவதற்குக் குறைந்த எனர்ஜி கேட்பவையும் அவற்றில் இருக்கட்டும். மொத்தம் பத்து பேசிக்குகள் உள்ள டெக்கிலும், ஏறத்தாழ நான்கில் ஓர் ஆட்டத்தில் முதல் கையில் பேசிக்கே இல்லாமல் போகும். அப்போது கையைக் காட்டிவிட்டு மீண்டும் கலைக்க வேண்டும், எதிராளிக்கும் கூடுதலாக ஒரு கார்டு எடுக்கும் உரிமை கிடைக்கும். அதனால் பத்துக்குக் கீழே இறங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

எனர்ஜியில் நெருப்பு மட்டும் 12 போதும். சுற்றுக்கு ஒரு எனர்ஜியைத்தான் கையிலிருந்து இணைக்க முடியும் என்பதால் 20 என்பது மிகை. 12 இருந்தாலே முதல் கையில் ஒன்றாவது வருவதற்கான வாய்ப்பு சுமார் 81 சதவீதம். நான்கு வகைகளைக் கலந்தால், புல் போக்கிமான் களத்தில் நிற்கும்போது கையில் நீர் எனர்ஜி இருக்கும் நிலைதான் அடிக்கடி நேரும்.

இப்போது போக்கிமான் 15, எனர்ஜி 12. மீதமுள்ள 33 இடங்களும் ட்ரெய்னர்களுக்கே. புதியவர்களுக்கு இது திகைப்பைத் தரும், ஆனால் இந்த விளையாட்டில் டெக்கை ஓட வைப்பவை ட்ரெய்னர்கள்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பேசிக் ஒன்றை டெக்கில் தேடி நேரே பெஞ்சில் (களத்தில் போக்கிமான்கள் காத்திருக்கும் பின்வரிசை) இறக்கும் நெஸ்ட் பால், எந்தப் போக்கிமானையும் தேடித் தரும் அல்ட்ரா பால் ஆகியவை ட்ரெய்னர்களில் ஐட்டம் என்னும் வகை; ஐட்டம் கார்டுகளை ஒரே சுற்றில் எத்தனை வேண்டுமானாலும் ஆடலாம். இரண்டிலும் நான்கு நான்கு வையுங்கள். ட்ரெய்னர்களில் இன்னொரு வகையான சப்போர்ட்டர் கார்டு சுற்றுக்கு ஒன்றுதான், முதலில் ஆடுபவர் தம் முதல் சுற்றில் அதையும் ஆட முடியாது. எனவே பத்து முதல் பன்னிரண்டு சப்போர்ட்டர்கள் போதும், அவற்றில் பெரும்பகுதி கார்டு எடுக்க உதவுபவையாக இருக்கட்டும். எதிராளியின் பெஞ்சில் ஒதுங்கியிருக்கும் போக்கிமானை முன்னால் இழுக்கும் பாஸஸ் ஆர்டர்ஸ் இரண்டாவது வேண்டும். போட்டியில் கலந்துகொள்வதாக இருந்தால் மட்டும், அந்தக் கார்டுகள் அப்போது அனுமதிக்கப்பட்டவையா என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கையில் உள்ள எல்லாவற்றையும் கழித்துவிட்டு 7 கார்டுகள் எடுக்கச் சொல்லும் சப்போர்ட்டரான ப்ரொஃபஸர்ஸ் ரிசர்ச்சைப் பயன்படுத்த எனக்கு மனம் வருவதில்லை. நல்ல கார்டுகள் வீணாகிவிடாதா?

பதில்: ஆடும் வரிசையைச் சரியாக வைத்துக்கொண்டால் இழப்பு மிகவும் குறையும். முதலில் பேசிக்குகளைப் பெஞ்சில் இறக்கி, எனர்ஜியை இணைத்து, பயன்படக்கூடிய ஐட்டம் கார்டுகளையும் ஆடிவிடுங்கள். அதன் பிறகு கையில் எஞ்சுபவை பெரும்பாலும் அந்தச் சுற்றில் உதவாதவையாகவே இருக்கும். இரண்டு கார்டுகளைக் கழித்தால்தான் ஆட முடியும் என்னும் அல்ட்ரா பாலுக்கும் இதே போல மிகையான எனர்ஜியைக் கொடுத்துவிடலாம். கழித்தவற்றில் போக்கிமானும் அடிப்படை எனர்ஜியுமாக மூன்று கார்டுகள் வரை டெக்கில் திரும்பச் சேர்த்துக் கலைக்க சூப்பர் ராட் உதவுகிறது. அதில் ஒன்று வைத்திருங்கள். சாரிசார்ட் கையில் இருந்து, சார்மாண்டரும் களத்தில் இருந்து, ரேர் கேண்டி மட்டும் இல்லாத சுற்றில் ப்ரொஃபஸர்ஸ் ரிசர்ச்சை ஆடாமல், கையைக் கழிக்கச் சொல்லாத வேறொரு சப்போர்ட்டரை ஆடுங்கள்.