கட்டியின் அக்கம்பக்கத்தைப் படிக்க நினைக்கும் மகளுக்காகக் கவலைப்படும் ஒரு தாய்க்கு

அன்புள்ள அம்மா,

உயிரியலில் முதுகலை முடிக்கப்போகும் உங்கள் மகள், புற்றுநோய்க் கட்டியைச் சுற்றியிருக்கிற செல்கள் எப்படிப் பேசிக்கொள்கின்றன என்பதில் முனைவர் பட்டம் செய்யப்போகிறேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள். "நோயை விட்டுவிட்டுச் சுற்றியிருப்பதைப் படித்து என்ன பயன், இதற்கு வேலை கிடைக்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்குப் பதில் பிடிபட்டால் இரண்டாவது கேள்வியும் பாதி தெளிந்துவிடும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு கட்டிக்குள் புற்றுச் செல்கள் மட்டும் இருப்பதில்லை. இரத்தக் குழாய்கள், நோய் எதிர்ப்புச் செல்கள், திசுவுக்கு நார் பின்னித் தரும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் எல்லாம் கூடவே இருக்கின்றன. இந்தக் கூட்டத்தைத்தான் கட்டியின் நுண்சூழல் என்கிறார்கள். இந்தச் செல்கள் பேசுவது வேதிப்பொருள்களின் வழியாக. எலிகளின் மார்பகக் கட்டியில் பார்த்த ஓர் உரையாடலைச் சொல்கிறேன். புற்றுச் செல் ஒரு புரதத்தைச் சுரந்து மேக்ரோஃபேஜ் என்னும் எதிர்ப்புச் செல்லை அழைக்கிறது. வந்த மேக்ரோஃபேஜ் பதிலுக்கு வேறொரு வளர்ச்சிப் புரதத்தைத் தருகிறது. இப்படி ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு இரண்டும் இரத்தக் குழாய் வரை போய்ச் சேர்கின்றன. நோய் வேறு உறுப்புக்குப் பரவும் வழி அங்கே திறக்கிறது. நம்மைக் காக்க வேண்டிய செல்லே வழித்துணை ஆகிவிடுகிறது.

இந்த எண்ணம் நேற்று வந்ததில்லை. 1889-இல் லண்டன் மருத்துவர் ஸ்டீபன் பேஜட், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பதிவுகளைப் பார்த்துவிட்டு, நோய் எல்லா உறுப்புக்கும் ஒரேபோல் பரவுவதில்லை, விதைக்கு ஏற்ற மண் வேண்டும் என்று எழுதினார்.

அதற்குப் பிறகு வந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது மீனா பிஸ்ஸெல், டேவிட் டோல்பெர்க் என்னும் ஆய்வாளர்கள் 1984-இல் வெளியிட்ட சோதனை. ரூஸ் சார்கோமா வைரஸைக் கோழிக்குப் போட்டால் கட்டி வரும். அதே வைரஸை முட்டைக்குள் வளரும் கருவின் சிறகில் செலுத்தினார்கள். வைரஸின் புற்றுநோய் மரபணு அங்கே வேலை செய்துகொண்டுதான் இருந்தது, ஆனாலும் கட்டி வரவில்லை. அந்தச் செல்களையே பிரித்தெடுத்துக் கண்ணாடித் தட்டில் வளர்த்தபோது அவை புற்றுச் செல்களாக மாறின. மரபணு கெட்டுப்போனால் கதை முடிந்தது என்று நாம் நினைக்கிறோம். சுற்றியிருக்கும் திசு அதையும் கட்டிப்போட்டு வைக்க முடியும் என்று இந்தச் சோதனை காட்டியது. உங்கள் மகளிடம் இதைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், அவள் கண்ணில் தெரிவதை நீங்களே பார்ப்பீர்கள்.

சரி, வேலைக்கு வருகிறேன். இந்த அறிவு ஏற்கெனவே மருந்தாகிவிட்டது. கட்டி தனக்கு இரத்தக் குழாய் வரவழைப்பதைத் தடுக்கும் பெவாசிசுமாப் என்னும் மருந்து 2004-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. டி செல்கள் என்னும் நோய் எதிர்ப்புச் செல்களுக்குப் போடப்படும் தடையை விலக்கலாம் என்று காட்டிய ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுகு ஹோன்ஜோவுக்கும் 2018-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த வகை மருந்துகள் இன்று பல புற்றுநோய்களுக்குத் தரப்படுகின்றன. ஆகவே மருந்து நிறுவனங்கள், மருத்துவமனை ஆய்வகங்கள், தரவுப் பகுப்பாய்வுக் குழுக்கள் எல்லாவற்றிலும் இந்தப் படிப்புக்கு இடம் உண்டு.

தோல்வியையும் சொல்லிவிட வேண்டும். கணையப் புற்றுநோயில் கட்டியைச் சுற்றி நார்த்திசு கெட்டியாக மண்டியிருக்கும். அதைக் குறைத்தால் மருந்து உள்ளே போகும் என்று எலிகளில் தெரிந்தது. நம்பி மனிதர்களிடம் முயன்ற ஒரு சோதனையை 2012-இல் நிறுத்த வேண்டி வந்தது. 2014-இல் வந்த எலி ஆய்வுகளில், சுற்றுத் திசுவைக் குறைத்தபோது கட்டி இன்னும் மூர்க்கமானது. அதே அக்கம்பக்கம் வளர்க்கவும் செய்கிறது, தடுக்கவும் செய்கிறது. எது எப்போது என்று பிரித்துச் சொல்ல ஆள் தேவைப்படும் துறை இது.

அவள் எதைக் கற்க வேண்டும்? செல் உயிரியலும் நோய் எதிர்ப்பியலும் அடிப்படை. அவற்றோடு புள்ளியியலும், ஆர் அல்லது பைத்தான் மொழியில் நிரல் எழுதுவதும் கட்டாயம் என்பேன். இப்போது ஒரு கட்டியிலுள்ள ஆயிரக்கணக்கான செல்களில், ஒவ்வொன்றிலும் எந்த மரபணு இயங்குகிறது என்று தனித்தனியே படிக்கிறார்கள். அந்தத் தரவைத் தானே கையாளத் தெரியாதவர் கடைசிவரை இன்னொருவர் கையை எதிர்பார்க்க வேண்டியிருக்கும். பெரிய தரவுத் தொகுப்புகள் பல இலவசமாகவே கிடைக்கின்றன, இன்றே எடுத்துப் பழகலாம். நாளை அவள் புற்றுநோய்த் துறையை விட்டே போனாலும் இந்தத் திறமை கூட வரும்.

பாதை நீளம் என்பதையும் மறைக்க மாட்டேன். முனைவர் பட்டத்துக்கு நான்கைந்து ஆண்டுகள், பல நேரம் அதற்கும் மேலே. நிரந்தரப் பேராசிரியர் பணிகள் பட்டம் பெறுபவர்களைவிட எப்போதும் குறைவு. அதை மட்டுமே குறியாக வைத்துப் போகக் கூடாது. அப்புறம், நிறுவனத்தின் பெயரைவிட வழிகாட்டியைப் பார்த்துச் சேரச் சொல்லுங்கள். அவருடைய பழைய மாணவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று அவள் கூச்சமில்லாமல் கேட்க வேண்டும். இப்போது இருக்கும் மாணவர்களிடம் அவர் இல்லாத நேரத்தில் பேச வேண்டும்.

கடிதத்தின் கடைசி வரியில், அவளுடைய பாட்டி மார்பகப் புற்றுநோயில் இறந்ததைச் சொல்லியிருந்தீர்கள். அந்தத் துக்கம் இந்த வேலையைத் தொடங்க வைக்கும். ஆனால் ஆறு மாதமாகச் செல்கள் தட்டில் ஒழுங்காக வளராத நாட்களில் அது மட்டும் தாங்காது, வேலையின் மீதே ஆசை இருக்க வேண்டும். அதனால் எங்கும் சேரும் முன் ஓர் ஆய்வகத்தில் மூன்று மாதம் பயிற்சிக்கு அனுப்புங்கள். திரும்பி வந்ததும், அங்கே சொதப்பிய ஒரு சோதனையைப் பற்றிச் சொல்லச் சொல்லுங்கள். ஏன் சொதப்பியது, அடுத்து எப்படிச் செய்யலாம் என்று அவள் சாப்பாட்டை மறந்து பேசினால் தைரியமாகச் சேருங்கள். பேச்சை மாற்றினால் என்னிடம் அழைத்து வாருங்கள், வேறு வழிகளையும் சேர்ந்து பார்க்கலாம்.