கடைக்கு வெப்சைட் கட்ட வேர்ட்பிரஸ்ஸா, ஜூம்லாவா, டுருப்பலா?

தம்பி, பினாங்கு லிட்டில் இந்தியாவுல அப்பாவோட புடவைக் கடைக்கு சைட் வேணும், தமிழ் மலாய் ரெண்டும் இருக்கணும், வேர்ட்பிரஸ், ஜூம்லா, டுருப்பல்னு சைட் கட்டி நடத்துற மூணு சாஃப்ட்வேர்ல எதுல கட்டலாம்னு கேட்டிருக்கீங்க. என்னைக் கேட்டா வேர்ட்பிரஸ்.

ஆனா முதல்ல ஒண்ணு யோசிங்க, தினமும் உள்ள போயி போட்டோ மாத்தப் போறது யாரு? கடையில உக்காந்திருக்கிற அக்காவா இருந்தா டுருப்பல் வேணாம், அது ரொம்ப பலமான சிஸ்டம்தான், பெரிய பல்கலைக்கழகம் மாதிரி இடத்துக்குப் பொருந்தும், சின்னக் கடைக்கு டெவலப்பர் இல்லாம ஓட்டுறது கஷ்டம். ரெண்டு மொழிங்கிறதுல மட்டும் ஜூம்லாவும் டுருப்பலும் ஒரு படி மேல, அதுல பல மொழி வசதி உள்ளுக்குள்ளயே வருது, டுருப்பல்ல 8ஆம் பதிப்பு வந்த 2015லேர்ந்தே அப்படித்தான். வேர்ட்பிரஸ்ல பாலிலாங் மாதிரி ஒரு பிளகின் (கூடுதல் வசதி தர்ற துணை சாஃப்ட்வேர்) போடணும், போட்டா பிரச்சனை இல்ல.

வேர்ட்பிரஸ் 2003லேர்ந்து இருக்கு, சாஃப்ட்வேர் ஃப்ரீ, டொமைனும் (சைட்டோட முகவரி) ஹோஸ்டிங்கும் (சைட்டை வைக்கிற சர்வர் இடம்) மட்டும்தான் செலவு. விக்கறதுக்கு வூகாமர்ஸ்ங்கிற பிளகின், எஃப்பிஎக்ஸ்ல (மலேசியாவுல பேங்க் கணக்குலேர்ந்து ஆன்லைன்ல காசு கட்டுற முறை) காசு வாங்க ஒரு பேமெண்ட் கேட்வே சர்வீஸ். விக்ஸ்னு ஆன்லைன்லயே சைட் கட்டுற சர்வீஸ் இருக்கு, அது ஈசிதான், ஆனா நாளைக்கு வேற ஹோஸ்டிங்குக்கு அந்த சைட்டை அப்படியே தூக்கிட்டுப் போக முடியாது, அது எனக்குப் பெரிய குறை.

பிளகின் அப்டேட்டை மட்டும் விட்டுடாதீங்க, கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ்ல ஒரு சாப்பாட்டுக் கடைக்கு நான் கட்டின சைட்டை ரொம்ப நாள் அப்டேட் பண்ணாம விட்டு ஹேக் ஆயிருச்சு, பேக்கப்பும் இல்ல, மெனு முழுக்க திரும்ப டைப் பண்ணோம். வாரம் ஒரு பேக்கப், வேற இடத்துல வைங்க.