விழுந்துபோனவனைக் கடவுள் கைவிட்டுவிட்டாரா?

கடவுளே தேர்ந்தெடுத்த நாயகன் சமயக் கவிதை நாடகங்களில் விழுந்துவிடுகிறானே, அதோடு அந்தத் தேர்வு ரத்தாகிவிடுகிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை என்பதை எனக்கு உணர்த்தியது ஆங்கிலக் கவிஞர் ஜான் மில்டனின் ‘சாம்சன் அகோனிஸ்டஸ்’. 1671இல் வெளிவந்தது, மேடைக்கென்று எழுதாத நாடகம். அதன் நாயகன் சாம்சன்தான் நம் வேதாகமத்தில் சிம்சோன்: இஸ்ரவேலரை அவர்களின் எதிரிகளான பெலிஸ்தரிடமிருந்து மீட்கக் கடவுள் தேர்ந்தெடுத்த, அபார பலம் கொண்டவன்.

நாடகம் தொடங்கும்போதே அவன் விழுந்தாகிவிட்டது. கண்களைப் பறிகொடுத்து, காசாவில் பெலிஸ்தருக்கு மாவரைக்கும் கைதி. என் பிறப்பைத் தேவதூதன் இரண்டு முறை வந்து அறிவித்தது இதற்குத்தானா என்று குமுறுகிறான். மறுகணமே, தன்னைத் தவிர யாரையும் குற்றம் சொல்ல முடியாது என்று சட்டென்று அடங்கிவிடுகிறான். (மில்டனும் 1652 முதல் பார்வை இல்லாதவர். இருளைப் பற்றி சிம்சோன் புலம்பும் வரிகளை என்னால் ஒரே மூச்சில் படிக்க முடிந்ததில்லை.)

சரி, அவன் எங்கே சறுக்கினான்? அவனைப் பெலிஸ்தரிடம் காட்டிக்கொடுத்த தெலீலாளிடம், தன் பலம் தலைமுடியில் இருக்கும் ரகசியத்தைச் சொன்னபோது என்போம். எனக்கு அதற்கும் முந்தைய ஓர் இடம் படுகிறது. திம்னாத் ஊர்ப் பெண்ணை மணந்தது கடவுள் உள்ளுக்குள் தூண்டியதால் என்கிறான். தெலீலாளை மணந்ததற்கு அவன் சொல்லும் காரணம் வேறு: முன்பு செய்தது சரியென்றால் இதுவும் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தானாம். அன்று வந்த அழைப்பை இன்றைக்கும் செல்லுபடியாகும் அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொண்டுவிட்டான். தேர்ந்தெடுக்கப்பட்டவனுக்கு மட்டுமே வரக்கூடிய ஆபத்து இது.

அதனால்தான் பிற்பகுதி என்னை உலுக்குகிறது. பெலிஸ்தரின் தெய்வமான தாகோனின் திருவிழாவில் பலம் காட்ட அவனை அழைக்கிறார்கள். கடவுள் இஸ்ரவேலருக்குத் தந்த நியாயப்பிரமாணத்துக்கு விரோதம் என்று முதலில் மறுக்கிறான். அப்புறம் உள்ளே ஏதோ ஒன்று கிளர்வதாகச் சொல்லிவிட்டுக் கிளம்புகிறான். ‘கடவுள் சொன்னார்’ என்று இந்த முறை அடித்துச் சொல்லவில்லை.

வேதாகமத்தில், தான் சாய்க்கப்போகும் கட்டடத்தின் தூண்களுக்கு நடுவே நின்று தன் கண்களுக்காகப் பழிவாங்க பலம் தரும்படி வாய்விட்டு ஜெபிக்கிறான். மில்டன் அந்த ஜெபத்தை நமக்குக் கேட்கவே விடவில்லை. ஜெபித்தவன் போலவோ, பெரிய காரியம் ஒன்றை மனதில் புரட்டியவன் போலவோ தலைகுனிந்து நின்றான் என்று, நடந்ததைப் பார்த்துவிட்டு வந்து சொல்லும் தூதுவன் சொல்கிறான், அவ்வளவுதான். பிறகு, தூண்களைச் சாய்ப்பதற்கு முன், சிம்சோன் பெலிஸ்தத் தலைவர்களைப் பார்த்துப் பேசுகிறான்: இதுவரை நீங்கள் ஏவியதைச் செய்தேன், இனி செய்யப்போவது என் சொந்த விருப்பத்தால்.