அக்ரிமென்ட்டா, கிரையமா? நாவூ நகரின் 1843-ஆம் ஆண்டுத் தாள் ஒன்றைப் படிப்பது எப்படி

கேள்வி: என் மகள் அமெரிக்காவில், இல்லினாய் மாநிலத்தில் இருக்கிறாள். மருமகன் அந்த ஊர்க்காரர். அவருடைய பாட்டியின் பெட்டியில் 1843-ஆம் வருடத் தாள் ஒன்று கிடைத்திருக்கிறது. நாவூ என்ற ஊரில் ஒரு மனையை, மார்மன் என்ற கிறிஸ்தவச் சபையின் தலைவர் ஜோசப் ஸ்மித் ‘ட்ரஸ்டீ-இன்-ட்ரஸ்ட்’ என்று கையெழுத்திட்டு, மருமகனின் முன்னோர் ஒருவருக்கு விற்றதாக எழுதியிருக்கிறது. இது சொத்துப் பத்திரம்தானா? இன்றைக்கு இதற்கு ஏதாவது உரிமை உண்டா? மேற்கொண்டு எங்கே தேடுவது? போட்டோ அனுப்பியிருக்கிறேன்.

பதில்: அம்மா, போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் வரியிலேயே விடை இருக்கிறது. அந்தக் காலத்துக் கிரையப் பத்திரம் பெரும்பாலும் ‘திஸ் இண்டென்ச்சர்’ என்று தொடங்கும். உங்கள் தாளில் இருப்பது ‘ஹெல்ட் அண்ட் ஃபர்ம்லி பவுண்ட்’, அதாவது ‘கட்டுப்பட்டிருக்கிறேன்’ என்ற வாசகம். அதனால் இது கிரையம் இல்லை. நம் ஊர்க் கணக்கில் சொன்னால் கிரைய அக்ரிமென்ட். வாங்குபவர் தவணைகளைக் கட்டி முடித்தால் கிரையம் செய்து தருவேன், நான் தவறினால் இவ்வளவு தொகை தருவேன் என்று விற்பவர் எழுதிக்கொடுக்கும் உறுதிமொழி இது. நாவூவில் அன்று சாதாரணமாகப் புழங்கிய தாள் வகைகளில் ஒன்று.

சபை ஏன் நேராகக் கிரையம் செய்யாமல் இப்படி எழுதிக்கொடுத்தது என்று புரிந்தால்தான் உங்கள் தாளும் புரியும்.

மிசௌரி மாநிலத்திலிருந்து விரட்டப்பட்டு 1839-இல் மிசிசிப்பி ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தவர்கள் இந்தச் சபையார். கையில் பணம் கிடையாது. ஆற்றோரம் சதுப்பு நிலம், அந்த முதல் கோடையிலேயே காய்ச்சலில் பலர் செத்தார்கள். அந்த நிலத்தையும் கடனுக்குத்தான் வாங்க முடிந்தது. 1839 ஆகஸ்டில் கனெக்டிகட் மாநிலத்து ஹொரேஸ் ஹாட்ச்கிஸும் அவருடைய கூட்டாளிகளும் ஏறத்தாழ 500 ஏக்கரை 53,500 டாலருக்குக் கொடுத்தார்கள். 20 வருடத் தவணை. வட்டியோடு சேர்த்தால் 1,14,500 டாலர். இங்கேதான் சிக்கல்: ஹாட்ச்கிஸ் தரப்பும் கிரையம் செய்து தரவில்லை. அவர்களும் அக்ரிமென்ட்தான் எழுதிக்கொடுத்தார்கள். கடன் தீர்ந்தால்தான் பத்திரம்.

ஆக, அக்ரிமென்ட்டில் வைத்திருந்த நிலத்தைத்தான் சபை மனை மனையாகப் பிரித்து, மறுபடி அக்ரிமென்ட்டில் விற்றது. மனை ஒன்று 200-இலிருந்து 800 டாலருக்குள், சராசரி 500 என்று 1839 அக்டோபரிலேயே சபையின் உயர்மன்றம் முடிவு செய்தது. வசதியுள்ளவர்கள் கட்டும் பணத்தில் ஹாட்ச்கிஸ் வட்டியைக் கட்ட வேண்டும், விதவைகளுக்கும் ஏழைகளுக்கும் சும்மா மனை கொடுக்க வேண்டும் என்பது கணக்கு. கிழக்கு மாநிலங்களில் பண்ணை வைத்திருந்த சபையார் சிலர் அந்தப் பண்ணையை ஹாட்ச்கிஸ் பெயருக்கு மாற்றிக்கொடுத்துவிட்டு, அதற்கு ஈடாக நாவூவில் மனை எடுத்துக்கொண்டதும் உண்டு. இதையெல்லாம் வெறும் ரியல் எஸ்டேட் வியாபாரம் என்று எழுதுபவர்கள்மேல் எனக்கு வருத்தம் உண்டு. வீடு வாசல் இழந்து வந்த ஆயிரக்கணக்கானவர்களுக்குத் தங்க இடம் கொடுக்க, அவர்கள் கண்ட ஒரே வழி இது. ஆனால் ஸ்மித் கொல்லப்பட்ட 1844 ஜூன் வரை ஹாட்ச்கிஸ் கடன் முழுதாகத் தீரவில்லை.

அடுத்து அந்த ‘ட்ரஸ்டீ-இன்-ட்ரஸ்ட்’. நம் ஊர் தர்மகர்த்தா மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1841 ஜனவரியில் சபை ஸ்மித்தை ஒரே தர்மகர்த்தாவாகத் தேர்ந்தெடுத்தது. அதற்கு முன் போட்ட தாள்களில் அவர் தனி ஆளாகவே கையெழுத்திட்டிருப்பார். ஒரே மனிதர், ஒரே கையெழுத்து. பெயருக்குக் கீழே அந்தப் பதவிப் பெயர் இருக்கிறதா இல்லையா என்பதில்தான் அது சபைச் சொத்தா, சொந்தச் சொத்தா என்ற வித்தியாசம். நடைமுறையில் இரண்டும் கலந்து கிடந்தன. போதாததற்கு, மதச் சபை ஒன்று 5 ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருக்கக் கூடாது என்று இல்லினாயில் 1835-ஆம் வருடச் சட்டம் வேறு இருந்தது.

இந்தக் குழப்பம் எப்படி வெடித்தது தெரியுமா? ஒரு நீராவிப் படகால். 1840-இல் அமெரிக்க ராணுவத்திடமிருந்து ஒரு பழைய படகைக் கடன் சீட்டு எழுதிக்கொடுத்து வாங்கினார்கள். சீட்டுத் தொகை 4,866 டாலர் சொச்சம். ராணுவத்தின் சார்பில் விற்றவர், பின்னாளில் உள்நாட்டுப் போரில் தென்மாநிலப் படையை நடத்திய ராபர்ட் லீ. சீட்டில் ஸ்மித்தும் ஒரு கையெழுத்து. படகு சில மாதங்களிலேயே பாறையில் மோதிப் பாழானது, கடன் மட்டும் நின்றது. 1842-இல் ஸ்மித் திவால் மனு போட்டார். அவர் இறந்தபிறகும் கூட்டாட்சி அரசு வழக்கை விடவில்லை. 1850-களின் தொடக்கத்தில் அவர் பெயரில் இருந்த நிலங்களும் தர்மகர்த்தாவாக வைத்திருந்த நிலங்களும் நீதிமன்ற உத்தரவில் ஏலத்துக்கு வந்தன. மனைவி எம்மாவுக்கு, விதவையின் பங்காக, விற்ற தொகையில் ஆறில் ஒரு பாகம்.

சரி, உங்கள் இரண்டாவது கேள்வி. இந்தத் தாளை வைத்து இன்று எந்த உரிமையும் கோர முடியாது. இது கிரையமே இல்லை. அதோடு, பெயரளவுக்காவது ஒரு பத்திரம் வைத்து ஏழு வருடம் வரி கட்டி வந்தவருக்கே நிலம் என்று 1839-லேயே இல்லினாயில் சட்டம் உண்டு. 1846-இல் சபையார் நாவூவைக் காலி செய்து போனார்கள்; உங்கள் சம்பந்தி வீட்டு முன்னோரும் அவர்களோடு கிளம்பியிருந்தால், அந்த மனை எத்தனையோ கை மாறியிருக்கும். அந்த வருடம் நாவூவில் மனைகளும் வீடுகளும் அடிமாட்டு விலைக்குப் போயின. பணத்துக்குப் பதில் வண்டியும் மாடும் கிடைத்தால் போதும் என்று கொடுத்துவிட்டுப் போனவர்கள் நிறைய. உரிமை கிடைக்கும் என்று யாராவது பீஸ் கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஆனால் முன்னோர் கடைசியில் கிரையம் வாங்கினாரா என்று கண்டுபிடிக்கலாம். முதலில் தாளின் பின்பக்கத்தைப் பாருங்கள். நீங்கள் முன்பக்கம் மட்டுமே அனுப்பியிருக்கிறீர்கள். தவணை கட்டும்போதெல்லாம் பின்னால் வரவு எழுதுவது வழக்கம். ரொக்கம் அரிதான ஊர் அது, அதனால் பசு, குதிரை, கூலி வேலை என்றுகூட வரவு இருக்கலாம். எனக்கு முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தில்தான் ஆசை அதிகம். ஒரு குடும்பம் எப்படிப் பாடுபட்டது என்பது அங்கேதான் தெரியும்.

அப்புறம் லாட் எண், பிளாக் எண் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பிளாக்குக்கு நான்கு லாட், லாட் ஒன்று ஏறத்தாழ ஒரு ஏக்கர். இந்த எண்களோடு நாவூ அடங்கிய ஹான்காக் கவுண்டியின் (நம் மாவட்டம் மாதிரி) பதிவு அலுவலகத்துக்கு, கார்த்தேஜ் ஊருக்கு, எழுதிக் கேளுங்கள். அங்கே இல்லை என்று பதில் வந்தால் மனம் தளர வேண்டாம். 1842-இல் நாவூ நகர மன்றமே தனியாக ஒரு பத்திரப் பதிவேடு தொடங்கியது. பலர் கார்த்தேஜ் போகாமல் அங்கேயே பதிந்துவிட்டார்கள். ஜோசப் ஸ்மித் ஆவணத் திட்டத்தின் இணையதளத்திலும் தேடிப் பாருங்கள். நாவூவில் சபை நடத்தும் நில ஆவண அலுவலகமும் மனைவாரியாக யார் யார் வைத்திருந்தார்கள் என்ற விவரம் தருகிறது.

விற்றவர் பெயர் மாறியிருந்தாலும் குழம்ப வேண்டாம். 1844 ஆகஸ்டுக்குப் பிறகு தர்மகர்த்தாக்களாகக் கையெழுத்திட்டவர்கள் நியூவெல் விட்னியும் ஜார்ஜ் மில்லரும். 1846-இலிருந்து பாபிட், ஹேவுட், ஃபுல்மர் என்ற மூவர். கிரையம் கிடைத்தால் அதில் எம்மாவின் கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். மனைவிக்குச் சட்டப்படி பங்கு இருந்ததால், கணவரைத் தள்ளி நிற்கவைத்து அவளிடம் தனியே சம்மதம் கேட்டு அதையும் பத்திரத்தில் எழுதுவார்கள்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: நம் வீட்டுப் பத்திரம் மாதிரி அந்தத் தாளுக்கு லேமினேஷன் போட்டுவிடாதீர்கள். செலோடேப்பும் வேண்டாம். மடிப்பை மெதுவாக விரித்து, அமிலமில்லாத உறையில் வைக்கச் சொல்லுங்கள். வைப்பதற்கு முன் பின்பக்கத்தை மருமகனிடம் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், வரவுகளைப் படித்துச் சொல்கிறேன்.